வன்னிக் குளங்களும் காட்சி உலாவும்: ஒரு வரலாற்று நோக்கு

பெரிய நீர்நிலையொன்றை நாடிச் சென்று, அதன் கரையிற் கூடும் விலங்குகளையும் பறவைகளையும் கண்டு களித்தலும், படகேறி உலாவுதலும், தூண்டிலிட்டுப் பொழுது போக்குதலும் இன்று உலகெங்கும் பெருவணிகமாக வளர்ந்துள்ளன. ஆபிரிக்கப் பேரேரிகளின் பெயரைக் கேட்டவுடனேயே யானைக்கூட்டமும் நீர்யானையும் பூநாரைத் திரளும் மனக்கண்ணிற் தோன்றுமளவிற்கு அக்காட்சி உலா புகழ் பெற்றுள்ளது. இலங்கையிலும் குளக்கரைகள் இத்தகைய உலாவுக்குரிய இடங்களாக மாறி வருகின்றன. வன்னிப் பெருநிலமும் இம்மாற்றத்திற்கு விலக்கானதன்று.

ஆயினும், வன்னியின் நீர்நிலைகளுள் மிகப் பெரும்பாலானவை மனித உழைப்பினால் உண்டானவை. அங்கு வாழும் புள்ளும் விலங்கும் அவ்வுழைப்பின் பயனை நுகர்பவை. இந்நிலையில், குளத்தை மனிதர் தொடர்பற்ற இயற்கைக் காட்சியாகக் கருதும் நோக்கு எங்கிருந்து வந்தது, அது எவ்வாறு சட்டமாகவும் உல்லாசப் பயணமாகவும் உருப்பெற்றது, அதனால் குளத்தை நம்பி வாழ்வோர்க்கு நேர்ந்தது யாது என்பவற்றைப் புளியங்குளத்தையும் அதனைச் சூழ்ந்த வன்னிப் பகுதியையும் மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்ப்பெயர்கள் கூறும் வரலாறு

கண்டி யாழ்ப்பாண நெடுஞ்சாலையில், வவுனியாவுக்கு வடக்கே, நெடுங்கேணிக்குச் செல்லும் பாதை பிரியுமிடத்தில் அமைந்துள்ளது புளியங்குளம். மரமொன்றின் பெயரும் நீர்நிலையின் பெயரும் இணைந்து ஊரின் பெயராகியுள்ளன. அதனைச் சூழ்ந்துள்ள பரசன்குளம், கனகராயன்குளம், சேமமடு, ஒலுமடு, மாங்குளம், நெடுங்கேணி முதலிய பெயர்களும் இவ்வாறே குளம், மடு, கேணி என்னும் ஈறுகளைக் கொண்டு முடிகின்றன. மோட்டை என்பது சிறு நீர்நிலையையும், முறிப்பு என்பது கட்டு உடைந்த குளத்தையும் குறிக்கும். குளம் அழிந்த பின்னரும் அதன் நினைவை ஊர்ப்பெயர் காத்து வருகின்றது. வன்னியில் ஓர் ஊரின் வரலாறு அதன் குளத்தின் வரலாறே எனக் கூறுவது மிகையாகாது.

இப்பகுதியின் நீரோட்டமும் கருதத்தக்கது. வவுனியா மாவட்டத்தின் வடபகுதியில் தோன்றும் கனகராயன் ஆறு வடக்கு நோக்கிப் பாய்ந்து, இரணைமடுக் குளத்தை நிரப்பி, ஈற்றில் சுண்டிக்குளம் கடனீரேரியில் கலக்கின்றது. 1902ஆம் ஆண்டில் தொடங்கி ஏறத்தாழ 1920ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற இரணைமடுக் கட்டு, பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டு, இருபதினாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட வயல்களுக்கு நீர் வழங்குகின்றது. எனவே புளியங்குளத்தை அண்டிய காட்டில் விழும் மழை கிளிநொச்சி வயலில் நெல்லாகி, எஞ்சியது சுண்டிக்குளத்திற் பறவைகளின் இரைநிலமாகின்றது. காடு, குளம், வயல், கடனீரேரி ஆகிய நான்கும் ஒரே நீர்த்தொடரின் உறுப்புக்களாகும்.

குளத்தின் அமைப்பும் உயிரினமும்

வன்னிக் குளத்தின் அமைப்பு எளிமையானது. தாழ்ந்த பக்கத்தில் மண்ணாலான குளக்கட்டு. நீரை வயலுக்கு விடுவதற்குத் துருசு. மிகை நீர் வழிந்தோடுவதற்கு வான். உயர்ந்த பக்கத்தில் காட்டோடு இணையும் அலைகரை. வடகீழ்ப் பருவமழையினால் ஐப்பசி முதல் மார்கழி வரை குளம் நிரம்பும். காலபோகம் முடிந்தபின் எஞ்சிய நீரின் அளவை நோக்கிச் சிறுபோகத்திற்கு எத்தனை ஏக்கர் விதைப்பதெனக் கமக்காரர் கூடித் தீர்மானிப்பர். ஆடி, ஆவணியில் நீர் வற்ற, அலைகரை வெளிப்பட்டுப் புல் தழைக்கும்.

உயிரினங்களின் வரவும் இந்தப் பயிர்ச்செய்கை நாட்காட்டியையே ஒட்டி நிகழ்கின்றது. அலைகரைப் புல்லைத் தேடி மாடும் மானும் யானையும் வரும். நீர் குறையுங்கால் வெளிப்படும் நத்தைகளை நத்தைகுத்தி நாரை தேடியுண்ணும். வடபுலக் குளிருக்கு அஞ்சிப் புறப்படும் நீலச்சிறகி, உள்ளான் முதலிய வலசைப் பறவைகள் குளம் நிரம்புங் காலத்தில் வந்து, நெல் அறுவடையின் பின் மீளும். கூழைக்கடாவும் நீர்க்காகமும் மீனைப் பின்தொடரும். துருசு திறக்கும் கையே இவ்வுயிர்களுக்கும் இரை வழங்குகின்றது என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

மக்கள் இவ்வுயிரினங்களைக் கண்டு வியந்ததோடு அவற்றோடு போராடியும் வாழ்ந்தனர். பயிரை அழிக்கும் பன்றியையும் குருவியையும் பொருளாகக் கொண்டு பண்டிப்பள்ளும் குருவிச்சிந்தும் வன்னி நாட்டார் வழக்கில் எழுந்தன. வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை காட்டு யானையைப் பிடித்த கதையும் இம்மண்ணுக்குரியதே. குளக்கட்டிற் கோயில் கொண்ட ஐயனார் குளத்தைக் காக்குந் தெய்வமாகப் போற்றப்பட்டார். வான் பாயும் நாளில் ஊரவர் குடும்பத்தோடு கட்டிற் கூடி நீர் வழிந்தோடுங் காட்சியைக் கண்டு மகிழும் வழக்கம் இன்றும் உண்டு. ஆகவே குளக்கரையில் இன்பங் காணல் வன்னிக்குப் புதியதன்று. அவ்வின்பம் வரும் போகத்தின் நம்பிக்கையோடு பிணைந்திருந்தது என்பதே அதன் தனித்தன்மையாகும்.

யானை வணிகமும் வேட்டையாளரும்

வன்னி விலங்கினத்தின்மீது வெளியார் கண் பட்டமைக்கு முதற் காரணம் யானையாகும். வன்னியர் தலைவர்கள் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். அவ்யானைகள் யாழ்ப்பாணத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. யானையிறவு என்னும் பெயர் இப்போக்குவரத்தை இன்றும் நினைவூட்டுகின்றது. இக்காலத்தில் யானை, பொருள்மதிப்புடைய உயிராகக் கருதப்பட்டது. உயிரோடு பிடிக்கப்பட்டால் மட்டுமே அதற்கு விலையுண்டு.

பிரித்தானியர் ஆட்சியில் இந்நிலை தலைகீழாயிற்று. யானை பயிரை அழிக்கும் பகை விலங்காகவும், துப்பாக்கியேந்திய கனவானின் பொழுதுபோக்குப் பொருளாகவும் ஆயிற்று. கொல்லப்பட்ட யானையொவ்வொன்றுக்கும் அரசு சன்மானம் வழங்கியது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848ஆம் ஆண்டுக்கு முற்பட்ட மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன எனக் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமேசன் ரெனென்ற் 1859இல் வெளியிட்ட தமது நூலிற் பதிவு செய்துள்ளார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கை முழுவதிலும் எண்ணப்பட்ட யானைகள் 5,879 என்பதனோடு ஒப்பிடுங்கால், அன்று நிகழ்ந்த அழிவின் பரிமாணம் நன்கு விளங்கும்.

இவ்வேட்டை மரபையும் ஆபிரிக்கப் பேரேரிகளையும் இணைக்கும் ஒருவர் சாமுவேல் பேக்கர் ஆவார். 1848இல் நுவரெலியாவிற் குடியேற்றமொன்றை நிறுவிய இவர், மின்னேரியாக் குளம் முதலிய இடங்களில் யானை வேட்டையாடி, அவ்வனுபவங்களை நூலாக எழுதினார். பழங்குளங்களின் பாழடைந்த கட்டுக்களைக் கண்டு அவற்றைக் கட்டியோரின் ஆற்றலை வியந்தவரும் இவரே. எனினும் அவர் எழுத்திற் பெருமிடம் பெற்றது வேட்டையே. பின்னர் ஆபிரிக்கா சென்ற பேக்கர், 1864ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் பேரேரியொன்றின் கரையை அடைந்தார். உள்ளூர் மக்கள் லூட்டா நிசிகே என வழங்கிய அவ்வேரிக்கு, மறைந்த ஆங்கில இளவரசரின் பெயரால் அல்பேட் ஏரி எனப் பெயரிட்டார். அதனருகே உள்ள நீர்வீழ்ச்சிக்கும் அவர் முர்ச்சிசன் எனப் பெயர் சூட்டினார். 1952இல் அங்கு அமைக்கப்பட்ட தேசிய வனமும் அப்பெயரையே பெற்றது. மின்னேரியாவின் கரையிலும் அல்பேட் ஏரியின் கரையிலும் நின்றவர் ஒருவரே. அவரது நோக்கும் ஒன்றே. மக்கள் பெயரிட்டுப் பயன்படுத்திவந்த நீர்நிலை, வந்து காண்பவரின் கண்டுபிடிப்பாகவும் விளையாட்டுக் களமாகவும் கொள்ளப்பட்டது.

1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டபின், வன்னிக் காடு தலைநகரத்தவர்க்கு ஓரிரவுப் பயணத் தூரமாயிற்று. வழியிலமைந்த வாடிவீடுகளிற் தங்கி, குளத்தின் கீழுள்ள வயல்களில் உள்ளான் சுடுதல் அலுவலரின் ஓய்வுநாட் பொழுதுபோக்காயிற்று.

சட்டமும் சரணாலயமும்

வேட்டையின் மிகுதியால் விலங்கினம் குறைவதைக் கண்டு கவலையுற்றோருள் வேட்டையாளரே முதன்மையானவர். 1894இல் அவர்களும் தோட்டத்துரைமாரும் சேர்ந்து வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இத்துறைக்கு நிலையான அடித்தளம் இட்டது. அதன்கீழ், 1938இல் சுண்டிக்குளமும், 1951இல் கொக்கிளாயும், 1954இல் மன்னார்க் கட்டுக்கரைக்குளம் எனப்படும் இராட்சத குளமும் சரணாலயங்களாயின. இவற்றாற் பறவையினங்கள் பெற்ற நன்மையை எவரும் மறுத்தற்கில்லை.

எனினும் சட்டத்தின் சொற்கள் நுணுகி நோக்கத்தக்கவை. சரணாலயத்தினுள் தனியார் காணி இருக்கலாம், மக்களும் வாழலாம். தேசிய வனத்தினுள் அனுமதிச்சீட்டுப் பெற்று உட்புகுதற்குரிய நோக்கம், விலங்கையும் தாவரத்தையும் கண்டு அறிதல் ஒன்றே. காண வருபவர்க்கு இடமுண்டு. விறகு பொறுக்கவும், தேன் எடுக்கவும், வலை வீசவும் வருபவர்க்கு இடமில்லை. எனவே ஒரு நிலம் சரணாலயம் என்னும் நிலையிலிருந்து தேசிய வனம் என்னும் நிலைக்கு உயர்த்தப்படுகையில், அதனைப் பார்க்கும் உரிமை விரிவடைகின்றது. அதில் வாழும் உரிமை சுருங்குகின்றது. 2015இல் சுண்டிக்குளம் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டபோது இவ்வேறுபாடு ஏட்டளவில் நில்லாது, கடனீரேரியை நம்பிய மீனவ ஊர்களின் அன்றாட வினாவாயிற்று.

கரிபா ஏரி தரும் ஒப்பீடு

ஆபிரிக்காவின் பேரேரிகள் யாவும் இயற்கையானவையல்ல. சாம்பேசி ஆற்றை மறித்து 1955ஆம் ஆண்டு தொடக்கம் 1959ஆம் ஆண்டுவரை கட்டப்பட்ட அணையினால் உண்டான கரிபா ஏரி, கொள்ளளவில் உலகின் மிகப் பெரிய செயற்கை நீர்த்தேக்கமாகும். இன்றைய சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் இடையில் ஏறத்தாழ 5,500 சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்துள்ள அது, படகு வீடுகளுக்கும் புலிமீன் தூண்டிலுக்கும், கரையில் மேயும் யானை, எருமைக் காட்சிகளுக்கும் பெயர் பெற்றது. மனிதராக்கிய நீர்நிலை என்ற வகையில் வன்னிக் குளங்களோடு ஒப்பிடற்குப் பொருத்தமானதும் அதுவே.

ஏரி நிரம்பத் தொடங்கியபோது, மேடுகளிற் சிக்குண்ட விலங்குகளை மீட்பதற்கு நோவாவின் பெயரால் ஒரு பெருமுயற்சி மேற்கொள்ளப்பட்டது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட விலங்குகள் காப்பாற்றப்பட்டன. உலகப் பத்திரிகைகள் அதனைப் போற்றின. அதே பள்ளத்தாக்கில் வாழ்ந்த தொங்கா மக்கள் ஏறத்தாழ 57,000 பேர் தம் ஊரும் ஆற்றங்கரை வண்டல் நிலமும் இழந்து வரண்ட மேட்டுநிலத்திற்குப் பெயர்க்கப்பட்டனர். 1958இல் எதிர்த்து நின்றோர் மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்து எண்மர் உயிரிழந்தனர். எலிசபெத் கோல்சன் என்னும் மானிடவியலாளர் இப்பெயர்ச்சியின் விளைவுகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1971இல் நூலாக வெளியிட்டார். அணை தந்த மின்சாரம் நெடுங்காலம் அம்மக்களின் ஊர்களை எட்டவில்லை. அவர்களது ஆற்றுத் தெய்வமாகிய நியாமிநியாமியின் உருவம் இன்று உல்லாசப் பயணிகள் வாங்கிச்செல்லும் கைத்தடிகளிற் செதுக்கப்படுகின்றது.

வன்னிக் குளத்திற்கும் கரிபாவுக்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெளிவாகும். வன்னிக் குளம் தன் கரையில் ஊரை உண்டாக்கியது. கரிபா தன் கரையிலிருந்த ஊரை அகற்றியது. ஆயினும், கட்டியோரையும் வாழ்வோரையும் நீக்கிவிட்டு நீரையும் விலங்கையும் மட்டும் காண்பிக்கும் நோக்கு மேலோங்குமாயின், முன்னையதும் பின்னையதன் நிலையை அடைதல் கூடும். இவ்விரு நீர்நிலைகளையும் பிணைக்கும் சிறு உயிரொன்றும் உண்டு. 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா மீன், சாம்பேசியின் கீழ்ப்பகுதி உள்ளிட்ட கிழக்காபிரிக்க ஆறுகளுக்குரியது. இன்று வன்னிக் குளத்து நன்னீர் மீனவரின் வலையிற் பெரிதும் படுவது அதுவே.

மின்னேரியாவின் பாடம்

பேக்கர் யானையைச் சுட்ட மின்னேரியாவில் இன்று யானையைக் காண்பதற்கு உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மகாசேன மன்னன் கட்டுவித்த அக்குளமும் சூழலும் 1997இல் தேசிய வனமாயின. ஆண்டுதோறும் வரட்சிக் காலத்தில், குளம் வற்றி வெளிப்படும் புல்வெளியில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுகின்றன. ஆனால் மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல் நிறைவுற்றபின், மின்னேரியாவுக்கு வரட்சிக் காலத்திலும் மிகுதியாக நீர் விடப்பட்ட ஆண்டுகளில், புல்வெளி நீரில் மூழ்கிற்று. யானைகளின் கூட்டமும் குன்றியது. குளத்து விலங்கின் வாழ்வு நீர்ப்பாசன முறையோடு பிரிக்கவியலாதது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. யானைக்காகக் குளத்தைக் காக்க விரும்புவோர், துருசைத் திறந்து மூடும் ஒழுங்கையும் அறிந்திருத்தல் வேண்டும்.

போரும் அதன் பின்னரும்

1966இல் உல்லாசப் பயணச் சபை அமைந்தபின் தென்னிலங்கைக் கடற்கரைகளும் தேசிய வனங்களும் பயணிகளைக் கவர்ந்த காலத்தில், வன்னி அவ்வரைபடத்திற் சிறிதளவே இடம்பெற்றது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. 1997ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய ஜயசிக்குறுப் படைநடவடிக்கையிற் புளியங்குளம் மாதக்கணக்கிற் போர்க்களமாயிருந்தது. ஊர் வெறுமையாயிற்று, வயல் தரிசாயிற்று, சிறு குளங்கள் தூர்ந்தன, கண்ணிவெடி புதைந்த காட்டிற்கு எவரும் செல்லவில்லை. 2009இற் போர் முடிந்து மக்கள் மீண்டபோது, பலருடைய பழைய வயல்களிற் பற்றையும் மரமும் வளர்ந்திருந்தன. அவற்றுட் சில காட்டு எல்லைக்குள் அடங்கிவிட்டமை பற்றிய முறைப்பாடுகள் வன்னியெங்கும் எழுந்தன. இடப்பெயர்வினால் வளர்ந்த காடு, இடம்பெயர்ந்தோர்க்கே எதிர்ச்சான்றாயிற்று.

2013இல் புகையிரதம் மீண்டும் புளியங்குளத்தைக் கடந்து கிளிநொச்சியை அடைந்தது. நெடுஞ்சாலை வழியே பயணிகள் திரளாக வரத் தொடங்கினர். இரணைமடுக் கட்டு வார இறுதியிற் குடும்பங்கள் கூடுமிடமாயிற்று. வவுனியாக் குளத்தின் ஒரு பகுதி நிரப்பப்பட்டுப் பொழுதுபோக்குப் பூங்கா அமைக்கப்பட்டபோது, குளத்தின் பரப்புக் குறைவதை எதிர்த்துப் பொதுமக்கள் குரலெழுப்பினர். குளத்தைக் காண வருவோர்க்காகக் குளத்தையே குறைப்பது முறையா என்பதே அவர்களது வினாவாகும். 2018ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பல ஊர்கள் மூழ்கியமை, நீர் தங்குதற்குரிய இடத்தை நீருக்கே விடுதல் வேண்டும் என்பதை வலியுறுத்திற்று.

மறுபுறம், யானைக்கும் மனிதர்க்கும் இடையிலான மோதல் முற்றியுள்ளது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இதனால் உயிரிழந்தனர். மின்வேலி, யானைவெடி, கட்டுத்துவக்கு ஆகியன வவுனியா வடக்குக் கமக்காரர்க்கும் அன்னியமானவையல்ல. கதிர் முற்றும் வேளையில் இரவெல்லாம் காவற்பரணில் விழித்திருப்பவனும், வாகனத்திலிருந்து யானையைப் படம்பிடித்து மகிழ்பவனும் ஒரே விலங்கையே காண்கின்றனர். முன்னவன் காணும் யானைக்குரிய விலையைப் பின்னவன் செலுத்தும் கட்டணம் ஈடுசெய்வதில்லை. அக்கட்டணத்தில் ஒரு பங்கேனும் அழிந்த பயிருக்கு இழப்பீடாகச் சேருமாயின், இருவர்க்குமிடையே ஓர் உறவு ஏற்படும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, குளக்கரைக் காட்சி உலா என்பது மூன்று படிகளைக் கடந்து வந்துள்ளமை புலனாகும். வேட்டையாளன் விலங்கைக் கொன்று இன்புற்றான். சட்டம் விலங்கைக் காத்து, மனிதனை விலக்கியது. உல்லாசப் பயணம் விலங்கைக் காட்டிப் பொருள் ஈட்டுகின்றது. மூன்று படிகளிலும் துப்பாக்கி, வர்த்தமானி, படப்பெட்டி எனக் கருவிகள் மாறினவேயன்றி, குளத்தைக் கட்டிக் காத்தவனைக் காணாத நோக்கு மாறவில்லை.

வன்னிக்கு உல்லாசப் பயணம் வேண்டாவெனக் கூறுதல் இவ்வாராய்ச்சியின் முடிபன்று. போரால் நலிந்த ஊர்களுக்கு வருவாய் தேவை. பறவைக்கும் யானைக்கும் பாதுகாப்புத் தேவை. ஆயின் அங்கு வரும் பயணி முதலிற் காணவேண்டியது குளக்கட்டையும் துருசையும், அவற்றைக் காத்துநிற்கும் கமக்காரரையும், விடியற்காலையில் வலையெடுக்கும் மீனவரையுமே. கமக்காரர் அமைப்புக்களும் மீனவர் சங்கங்களும் நீரின் அளவையும் வருவோரின் அளவையும் தீர்மானிப்பதிற் பங்கு பெறுதல் வேண்டும். தூர்ந்த சிறுகுளங்களைத் திருத்துதல், பூங்கா அமைப்பதற்கு முற்பட்ட பணியாதல் வேண்டும். புளியங்குளம் என்னும் பெயரில் மரமும் நீரும் இணைந்து நிற்கின்றன. அவ்விரண்டையும் இணைத்தது அங்கு வாழ்ந்த மனிதரின் உழைப்பாகும். அவ்வுழைப்பிற்கு உரிய இடத்தை வழங்கும் உலாவே வன்னியின் வரலாற்றுக்கு ஏற்புடையதாகும்.